பச்சைக்கறி சாப்பிடும் நாய்க்கு ஈரலும் மற்ற உறுப்புகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாய்க்குப் பச்சை இறைச்சி கொடுக்கத் தொடங்குகிறவர்கள் கறியில் தடுமாறுவதில்லை, ஈரலில்தான் தடுமாறுகிறார்கள். சிலர் பயந்து அறவே விட்டுவிடுகிறார்கள். சிலர் நாய் ஆசையாகச் சாப்பிடுகிறதே என்று அள்ளி வைக்கிறார்கள். இரண்டும் நாயைப் பாதிக்கும். திரும்பத் திரும்ப எங்களிடம் வந்த கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். வேறு எடை சொல்லாத இடங்களில் 20 கிலோ எடையுள்ள, வளர்ந்த, நலமான நாய்க்கான கணக்கு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

உறுப்பு இறைச்சின்னா எதெது? ஈரல் மட்டும்தானா?

ஈரல், கிட்னி, சுவரொட்டி (மண்ணீரல்), கணையம், விதை (விரை), மூளை ஆகியவை இந்தக் கணக்கில் சேரும். இதயம் உடம்புக்குள் இருந்தாலும் முழுக்கத் தசைதான், அதனால் கறிக் கணக்கில் வரும். நாக்கு, கோழியின் இரைப்பை, ஆட்டுக் குடல் எல்லாம் அப்படியே.

இதைச் சரியாகப் பிரிக்காததால்தான் பலருக்குக் கணக்கு தவறுகிறது. “உறுப்பு தினமும் கொடுக்கிறேன்” என்பவர் கோழியின் இதயமும் இரைப்பையும் மட்டுமே கொடுத்துக்கொண்டிருப்பார். அந்த நாய்க்கு உண்மையில் உறுப்பு இறைச்சி எதுவும் கிடைக்கவில்லை.

வெறும் கறியும் எலும்பும் போதாதா? எதுக்கு இது?

போதாது. தசைக்கறியில் வைட்டமின் ஏ கிட்டத்தட்ட இல்லை, தாமிரமும் மிகக் குறைவு. 100 கிராம் மாட்டீரலில் ஏறத்தாழ 16,900 சர்வதேச அலகு வைட்டமின் ஏ, 9.8 மில்லிகிராம் தாமிரம் இருக்கிறது. ஃபோலேட், பி12 போன்றவையும் நிறைய. கிட்னியில் செலினியம் அதிகம். சுவரொட்டியில் உள்ள இரும்பு ஈரலில் இருப்பதைப்போல் பல மடங்கு.

ஆனால் உறுப்பு கொடுத்துவிட்டால் எல்லாச் சத்தும் வந்துவிடும் என்று இருந்துவிடக் கூடாது. வைட்டமின் ஈ, மாங்கனீஸ், அயோடின், ஒமேகா 3 ஆகியவற்றை ஈரல் போதிய அளவு தராது. வேறு வழியில்தான் அவற்றைக் கொடுக்க வேண்டும்; ஒமேகா 3க்கும் அயோடினுக்கும் மத்தி போன்ற சிறு மீன் உதவும். கால்சியமும் ஈரலில் இல்லை. குட்டிகளைப் பற்றிய கேள்வியில் அதை விளக்கியிருக்கிறோம்.

எவ்வளவு கொடுக்கணும்? கிராம்ல சொல்லுங்க.

வளர்ந்த நாய்க்கு ஒரு நாள் உணவு அதன் எடையில் 2 முதல் 3 சதவீதம். பச்சை உணவு கொடுப்பவர்கள் வழக்கமாக அதை 80 பங்கு கறி, 10 பங்கு எலும்பு, 10 பங்கு உறுப்பு என்று பிரிக்கிறார்கள். அந்த 10 பங்கில் பாதி ஈரல், மீதி பாதி மற்ற உறுப்புகள்.

20 கிலோ நாய்க்கு 2.5 சதவீதம் என்றால் நாளுக்கு 500 கிராம். அதில் ஈரல் 25 கிராம், கிட்னியோ சுவரொட்டியோ 25 கிராம். 10 கிலோ நாய்க்கு ஈரல் 12 கிராம் வரும், 30 கிலோ நாய்க்கு 37 கிராம். கண்ணளவில் 25 கிராம் என்று நினைத்து வெட்டுவது பெரும்பாலும் 50 கிராமாக இருக்கும். சமையலறையில் வைக்கும் டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கிவிடுங்கள்.

இந்த 25 கிராம் போதுமா என்று சந்தேகம் வேண்டாம். நாய் உணவுக்கு அளவு வகுக்கும் அமெரிக்க அமைப்பான ஆஃப்கோ, ஈரம் நீக்கிய ஒரு கிலோ உணவில் வைட்டமின் ஏ குறைந்தது 5,000 அலகும் அதிகபட்சம் 2,50,000 அலகும் இருக்கலாம் என்கிறது. 500 கிராம் பச்சை உணவில் ஈரம் போக மிஞ்சுவது சுமார் 150 கிராம். அதற்குக் குறைந்தபட்சத் தேவை 750 அலகு. 25 கிராம் மாட்டீரலே 4,200 அலகு தந்துவிடுகிறது. 500 கிராமும் ஈரலாகவே போனால் 84,500 அலகு ஆகும். உச்ச வரம்பான 37,500ஐப் போல் அது இரண்டு மடங்குக்கும் மேல்.

தினமும் கொடுக்கணுமா, வாரத்துக்கு ஒரு தடவை போதுமா?

வைட்டமின் ஏ உடம்பில் சேமிப்பாகும் சத்து, அதனால் வாரக் கணக்கு சரியாக இருந்தால் போதும். ஆனால் வாரத்துக்கான 175 கிராமையும் ஒரே வேளையில் வைத்தால் அன்று இரவு நீங்கள் தூங்க முடியாது. இரண்டு மூன்று நாளாகப் பிரித்துக் கொடுங்கள். வயிறு எளிதில் கெடும் நாய்க்குத் தினமும் சிறிதளவு கொடுப்பதே நல்லது.

முதல் தடவை கொடுத்ததும் பேதியாயிடுச்சு. ஈரல் ஒத்துக்கலையா?

பெரும்பாலும் ஒத்துக்கொள்ளாமல் இல்லை, அளவு கூடிவிட்டது. பேதியோடு வாந்தியும் சோர்வும் இருந்தாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ மருத்துவரிடம் போங்கள். வெறும் இளகலாக இருந்தால் ஈரலை நிறுத்திவிட்டு, மலம் கெட்டியாகும்வரை பழகிய கறியை மட்டும் கொடுங்கள்.

பிறகு 5 கிராமில் தொடங்குங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஒரு வாரம். மலம் சரியாக இருந்தால் அடுத்த வாரம் 10 கிராம். இப்படியே ஏறி 25 கிராமைத் தொட நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகலாம். ஈரல் பழகிய பிறகுதான் கிட்னி, அதற்குப் பிறகு சுவரொட்டி. இரண்டு புது உறுப்புகளை ஒரே வாரத்தில் தொடங்கினால் எதனால் கழிகிறது என்றே தெரியாமல் போகும்.

மலம் கறுப்பா போகுது. பயமா இருக்கு.

சுவரொட்டியோ ஈரலோ சாப்பிட்ட மறுநாள் மலம் கரும்பழுப்பாக, ஆனால் உருண்டையாக வந்தால் அது இரும்புச்சத்தின் நிறம். உறுப்பு கொடுக்காத நாளிலும் அது தார்போலப் பளபளத்து, ஒட்டிக்கொண்டு, கடும் நாற்றத்தோடு வந்தால் குடலுக்குள் ரத்தம் கசிகிறது என்று சந்தேகிக்க வேண்டும். ஈறு வெளுத்திருக்கிறதா என்று பாருங்கள். வெளுத்திருந்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

கோழி ஈரல்தான் மலிவு. அதை மட்டுமே கொடுத்தா என்ன?

வைட்டமின் ஏ கிடைத்துவிடும், தாமிரம் கிடைக்காது. 100 கிராம் கோழி ஈரலில் தாமிரம் சுமார் அரை மில்லிகிராம்தான், மாட்டீரலில் இருப்பதில் இருபதில் ஒரு பங்கு. 20 கிலோ நாய்க்கு நாளுக்கு 1.1 மில்லிகிராமாவது தேவை. 25 கிராம் மாட்டீரலில் 2.4 மில்லிகிராம் வந்துவிடும். 25 கிராம் கோழி ஈரலில் வருவது 0.12 மட்டுமே.

கறியும் கோழி, எலும்பும் கோழி, ஈரலும் கோழி என்று மாதக்கணக்கில் போகும் வீடுகள் நிறைய. அப்படிப்பட்ட நாய்க்கு வாரம் ஒரு முறையாவது மாட்டீரலோ ஆட்டீரலோ சேர்த்துக்கொள்ளுங்கள். ஆடு, மாடு போன்ற அசைபோடும் விலங்குகளின் ஈரலில்தான் தாமிரம் தேங்கும். ஆட்டீரல் விலை கூடுதல்தான், ஆனால் உங்களுக்குத் தேவை கிலோ அல்ல, வாரத்துக்கு 100 கிராம். லேப் வளர்ப்பவர்கள் மட்டும் கடைக்குப் போகும் முன் கீழே அந்தக் கேள்வியைப் படித்துவிடுங்கள்.

கிட்னி, சுவரொட்டி கிடைக்கல. அந்த இடத்துல ஈரலையே கூட்டிடலாமா?

வேண்டாம். ஈரலை 5 சதவீதத்திலேயே நிறுத்திவிட்டு மீதியைக் கறியால் நிரப்புங்கள். சுவரொட்டியைக் கறிக்கடையில் முதல் நாளே சொல்லிவைத்தால் எடுத்துவைப்பார்கள். ரத்தம் குறைவு என்று மனிதர்கள் தேடி வாங்குவதால் காலையிலேயே தீர்ந்துவிடும். கிட்னி வாங்கும்போது சுற்றியுள்ள கொழுப்பைக் கழற்றித் தரச் சொல்லுங்கள். ஈரல் வாங்கினால் பித்தப்பை ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து, உடையாமல் எடுத்துவிட வேண்டும். உடைந்தால் அந்தக் கசப்புக்கு நாய் ஈரலையே வெறுத்துவிடும்.

ஆட்டு ஈரல்ல வெள்ளையா தண்ணிக் கொப்புளம் இருந்துச்சு. அதை மட்டும் வெட்டிட்டு மிச்சத்தைக் குடுக்கலாமா?

கூடாது. முழு ஈரலையும் ஒதுக்குங்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

அந்த நீர்க்கட்டி எக்கினோகாக்கஸ் என்ற நாடாப்புழுவின் இளம் பருவமாக இருக்கலாம். ஆடு, மாடுகளின் ஈரலிலும் நுரையீரலிலும் அது கட்டியாக வளர்கிறது. அதை நாய் பச்சையாகத் தின்றால் நாயின் குடலில் புழுவாக மாறுகிறது. புழுவின் நீளம் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு, மலத்தில் கண்ணுக்குத் தெரியாது. நாய்க்கு எந்தத் தொந்தரவும் இருக்காது. ஆனால் அதன் மலத்தில் வெளியாகும் முட்டை ரோமத்திலும் மண்ணிலும் ஒட்டி, நாயைத் தொட்டு விளையாடிய குழந்தையின் வாய்க்குள் போனால், அந்தக் குழந்தையின் ஈரலிலோ நுரையீரலிலோ அதே நீர்க்கட்டி பல வருடம் சத்தமில்லாமல் வளரும். பெரும்பாலும் அறுவைச் சிகிச்சைதான் வழி. தமிழ்நாட்டு மருத்துவமனைகளுக்கு இது புதிய நோய் அல்ல. நியூசிலாந்து இந்த நோயிலிருந்து தற்காலிகமாக விடுபட்டதாக 2002இல் அறிவிக்க முடிந்ததற்கு முக்கியக் காரணம், நாய்களுக்குப் பச்சை ஆட்டு உறுப்புகள் போவதைச் சட்டம் போட்டுத் தடுத்ததும், நாய்களுக்கு ஒழுங்காகப் பூச்சி மருந்து கொடுத்ததும்தான்.

கட்டி கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியதாகவும் இருக்கலாம், உள்ளே புதைந்தும் இருக்கலாம். ஆகவே சுத்தமாகத் தெரியும் ஆட்டீரல், மாட்டீரலையும் இரண்டில் ஒரு வழியில் பக்குவப்படுத்தாமல் கொடுக்காதீர்கள்: மைனஸ் 18 டிகிரியில் குறைந்தது 10 நாள் உறையவைப்பது, அல்லது சிறு துண்டுகளாக்கி 30 நிமிடம் கொதிக்கவைப்பது. கட்டியுள்ள ஈரலைக் குப்பைத்தொட்டியில் போட்டால் தெருநாய் தின்னும், நோய் அங்கிருந்து தொடரும். கொதிக்கவைத்த பிறகு, நாய் தோண்ட முடியாத ஆழத்தில் புதையுங்கள்.

பூச்சி மாத்திரை கொடுத்தா இதெல்லாம் தேவையில்லையே?

மாத்திரை இரண்டாவது வேலி, முதலாவது அல்ல. நாடாப்புழுவுக்கு வேலை செய்வது பிரசிகுவாண்டல் என்ற மருந்து. அளவு 10 கிலோ எடைக்கு 50 மில்லிகிராம். அட்டையில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். உருண்டைப்புழுவுக்கு மட்டுமான மருந்து இதைத் தொடாது. இந்தப் புழு நாயின் குடலில் வளர்ந்து முட்டையிட ஆறு வாரம் போல ஆகும். அதனால் ஆட்டு, மாட்டு உறுப்பு சாப்பிடும் நாய்க்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை என்ற வழக்கம் போதாது. ஆறு வாரத்துக்கு ஒரு முறை கொடுப்பதுபற்றி மருத்துவரிடம் பேசுங்கள்.

ஃப்ரீசர்ல வெச்சா எல்லாக் கிருமியும் செத்துடுமா?

புழுக்களின் இளம் பருவங்கள் சாகும். சால்மோனெல்லா, ஈ.கோலை போன்ற பாக்டீரியா சாகாது, உறங்கி எழுந்துகொள்ளும். ஃப்ரீசரில் இருந்து வந்த ஈரலையும் அன்று வாங்கிய பச்சைக்கறி போலவே கையாளுங்கள்: தனிப் பலகை, தனிக் கத்தி, தட்டு காலியானதும் வெந்நீரும் சோப்பும். நம் ஊர் வெயிலில் தட்டில் அரை மணிக்கு மேல் கிடந்தால் எடுத்துக் கொட்டிவிடுங்கள்.

ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் ஐஸ் பெட்டி பெரும்பாலும் மைனஸ் 18க்கு இறங்காது. ஒரு ஃப்ரீசர் வெப்பமானி வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். இறங்காவிட்டால், அல்லது நீண்ட மின்வெட்டில் இளகிவிட்டால், அந்த 10 நாள் கணக்கை நம்பாமல் வேகவைத்துவிடுங்கள்.

உறையவைக்கும் முன்பே எடைபோட்டு, ஒரு வேளைக்கான துண்டை ஐஸ் தட்டின் ஒரு குழியில் வையுங்கள். உறைந்ததும் எடுத்துத் தேதி எழுதிய பையில் போட்டுவிடலாம். பெரிய கட்டியாக உறைந்த ஈரலை வெட்ட முயன்று கையை வெட்டிக்கொள்வதும், முழுவதையும் இளகவைத்து மறுபடி உறையவைப்பதும் இதனால் மிச்சம்.

வேகவெச்சா சத்தெல்லாம் போயிடாதா?

போகாது. வைட்டமின் ஏயும் தாமிரமும் பெரும்பாலும் அப்படியே இருக்கும். ஃபோலேட், பி வைட்டமின்கள் கொஞ்சம் தண்ணீரில் இறங்கும். வேகவைத்த தண்ணீரையும் உணவில் ஊற்றிவிட்டால் அதில் பெரும்பகுதி திரும்பக் கிடைக்கும். உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் சேர்க்கக் கூடாது. ஈரல் வேகும்போது சுருங்கும், ஆகவே எடையைப் பச்சையாக இருக்கும்போதே போட வேண்டும்.

எலும்பை மட்டும் ஒருபோதும் வேகவைத்துக் கொடுக்காதீர்கள், அது உடைந்து குடலைக் குத்தும். “கறி பச்சை, உறுப்பு வெந்தது” என்ற கலப்பு முறை நாய்க்கு எந்தக் கெடுதலும் செய்யாது. ஆட்டு, மாட்டு உறுப்புகளைப் பொறுத்தவரை நம் ஊருக்கு அதுவே சிறந்த வழி என்பது எங்கள் கருத்து.

நுரையீரல், மூளை, தொண்டைக் குழாய் எல்லாம் குடுக்கலாமா?

நுரையீரலில் கட்டி வருவது ஈரலைப் போலவே சாதாரணம். வேகவைக்காமல் கொடுக்க வேண்டாம். மூளையில் கொழுப்பு அதிகம், மாதம் ஒன்றிரண்டு முறை கொஞ்சமாகப் போதும். தானாகச் செத்த விலங்கின் மூளையை மட்டுமல்ல, எந்த உறுப்பையும் கொடுக்கக் கூடாது.

தொண்டைக் குழாயில் பலருக்குத் தெரியாத ஒரு சிக்கல் உண்டு. தைராய்டு சுரப்பி அதன்மேல் ஒட்டியிருக்கும். அதைத் தொடர்ந்து தின்னும் நாய்க்கு ரத்தத்தில் தைராய்டு ஹார்மோன் ஏறி, உடம்பு இளைத்து, இரைத்து, ஓயாமல் அலையத் தொடங்கும். கழுத்துப் பகுதிச் சதையை வழக்கமாகக் கொடுத்துவந்த நாயிடம் இதைக் கண்டால் மருத்துவரிடம் உணவைப் பற்றியும் சொல்லுங்கள். அந்த உணவை நிறுத்தினாலே ஹார்மோன் அளவு பெரும்பாலும் இறங்கிவிடும்.

பன்றி ஈரல்?

நன்றாக வேகவைத்தால் மட்டும். பன்றியிடமிருந்து நாய்க்குத் தொற்றக்கூடிய ஆஜஸ்கி என்ற வைரஸ் நோய்க்குச் சிகிச்சை இல்லை, ஃப்ரீசரையும் அதற்கு நம்ப முடியாது.

ஈரலை மோந்து பாத்துட்டு போயிடுது. என்ன பண்றது?

பல நாய்களுக்குப் பிடிக்காதது ருசி அல்ல, அந்த வழவழப்பு. எண்ணெய் இல்லாத கல்லில் இரண்டு பக்கமும் லேசாக வாட்டிக் கொடுத்துப் பாருங்கள். அல்லது அரைத்து, பிடித்த கறியோடு பிசைந்துவிடுங்கள். பாதி உறைந்த துண்டாகக் கொடுத்தால் மென்று தின்னும் நாய்களும் உண்டு. பட்டினி போட்டுப் பழக்குவது குட்டிக்கும் சிறிய நாய்க்கும் ஆபத்து.

எங்க வீட்ல லேப் இருக்கு. அதுக்கும் இதே அளவுதானா?

லேப்ரடார், டாபர்மேன், பெட்லிங்டன் டெரியர், வெஸ்ட் ஹைலேண்ட் டெரியர், டால்மேஷியன் இனங்களில் சில நாய்களுக்கு ஈரலில் தாமிரம் தேங்கும் பரம்பரைக் குறை உண்டு. வெளியே தெரியும்போது ஈரல் பாதி கெட்டிருக்கும். டால்மேஷியன் நீங்கலாக இவற்றுக்கு மாட்டீரல், ஆட்டீரலைத் தவிர்த்து, தாமிரம் குறைந்த கோழி ஈரலையே கொடுங்கள். மற்ற நாய்களுக்கு நாங்கள் மேலே குறையாகச் சொன்னதே இவற்றுக்குப் பாதுகாப்பு. ஆண்டுக்கு ஒரு முறை, ஈரல் பாதிப்பைக் காட்டும் எஸ்ஜிபிடி ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். அது ஏறியிருந்தால் எல்லா ஈரலையும் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

டால்மேஷியனுக்கு இன்னொரு தொல்லையும் சேர்ந்துகொள்கிறது. ஈரல், கிட்னி, சுவரொட்டி மூன்றிலும் உடம்பில் யூரிக் அமிலமாக மாறும் பியூரின் என்ற பொருள் அதிகம். அந்த இனத்தின் உடம்பு யூரிக் அமிலத்தைச் சரியாக உடைக்காது, சிறுநீரில் கல் உண்டாகும். டால்மேஷியனுக்கு உறுப்பு இறைச்சியே வேண்டாம். வைட்டமின் ஏக்கு வேறு வழியை மருத்துவர் சொல்வார்.

குட்டிக்கு ஈரல் நிறைய குடுத்தா கால் பலமாகும்ங்கிறாங்களே?

நேர் எதிர். ராஜபாளையம், சிப்பிப்பாறை போன்ற வேகமாக உயரும் குட்டிகளின் கால் வளைவதற்கு எலும்பில்லாத கறியும் ஈரலும் மட்டுமே கொடுப்பது ஒரு பெரிய காரணம். 100 கிராம் மாட்டீரலில் பாஸ்பரஸ் 387 மில்லிகிராம், கால்சியம் வெறும் 5. உணவில் வராத கால்சியத்தை உடம்பு எலும்பிலிருந்து உறிஞ்சிக்கொள்ளும். எலும்பு மெலிந்து, வளைந்து, துள்ளும்போதே முறியும்.

குட்டிக்கும் ஈரல் 5 சதவீதம்தான். மென்மையான பச்சைக் கோழி எலும்பு அதோடு கட்டாயம். எலும்பே கொடுக்காத வளர்ந்த நாய்க்கு, 500 கிராம் கறிக்கு மாவாக அரைத்த முட்டை ஓட்டுத்தூள் அரை தேக்கரண்டி போட்டால் சரியாகும். குட்டிக்கு இந்தக் குத்துமதிப்பு போதாது. எடை, வயது சொல்லி மருத்துவரிடம் கால்சியம் அளவு எழுதி வாங்குங்கள்.

பெட்டை சினையா இருக்கு. ஈரல் கூட்டணுமா?

கூட்ட வேண்டாம். சினைக்காலத்தில் வைட்டமின் ஏ மிகுந்தால் குட்டிகள் அண்ணப்பிளவு போன்ற குறைகளோடு பிறக்கலாம். மொத்த உணவு கூடும்போது 5 சதவீதக் கணக்கில் ஈரலும் தானே கொஞ்சம் கூடும், அது போதும். பச்சையாக வேண்டாம், வேகவைத்தே கொடுங்கள்.

காட் லிவர் ஆயில் மாத்திரையும் குடுக்கிறேன். பரவாயில்லையா?

அதுவும் ஈரல் எண்ணெய்தான். வைட்டமின் ஏ, டி இரண்டும் அதில் செறிந்திருக்கும். ஈரல் சாப்பிடும் நாய்க்கு அதை நிறுத்திவிடுங்கள். ஒமேகா 3 வேண்டும் என்றால் மீனின் உடலிலிருந்து எடுத்த மீன் எண்ணெய் வேறு, அதை வாங்குங்கள்.

எங்க நாய் பாக்கெட் உணவு. மேல கொஞ்சம் ஈரல் போடலாமா?

அதில் வைட்டமின் ஏயும் தாமிரமும் ஏற்கெனவே கணக்காகச் சேர்த்திருப்பார்கள். ருசிக்காக வாரம் இரண்டு முறை 20 கிராம் வேகவைத்த கோழி ஈரல் போதும்.

டாக்டர் பச்சைக்கறியே வேண்டாம்ங்கிறார். யார் சொல்றது சரி?

அவர் காரணமில்லாமல் சொல்லவில்லை. அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் 2012 முதல் பச்சை இறைச்சி உணவை ஊக்குவிக்க வேண்டாம் என்றே சொல்லிவருகிறது. கிருமி நாயோடு நிற்பதில்லை என்பதே அதன் முதல் கவலை. வீட்டில் ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தை, கர்ப்பிணி, முதியவர், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர் என்று யாராவது இருந்தால் நாங்களும் அதையே சொல்கிறோம்: எல்லாவற்றையும் வேகவைத்துக் கொடுங்கள். பறவைக் காய்ச்சல் பரவும் சமயத்தில் எந்த வீட்டிலும் பச்சைக் கோழி வேண்டாம்.

ஒரு வருஷமா தினமும் கை நிறைய ஈரல் குடுத்துட்டேன். இப்ப என்ன செய்யறது?

இன்றே ஈரலை முழுக்க நிறுத்துங்கள். கழுத்தைத் திருப்பத் தயங்குகிறதா, படியேறவும் கட்டில்மேல் தாவவும் மறுக்கிறதா, தோல் செதிலாக உரிகிறதா, பசி குறைந்திருக்கிறதா என்று கவனியுங்கள். வைட்டமின் ஏ மிகுதி மாதக்கணக்கில் மெல்லச் சேர்ந்து மூட்டிலும் முதுகெலும்பிலும்தான் முதலில் காட்டும். இவற்றில் ஒன்று இருந்தாலும் எக்ஸ்ரேயும், ஈரல் நிலையை அறிய ரத்தப் பரிசோதனையும் தேவை.

அறிகுறி எதுவும் இல்லையென்றாலும் எஸ்ஜிபிடி ஒரு முறை பார்த்துவிடுங்கள். என்ன ஈரல், நாளுக்கு எத்தனை கிராம், எத்தனை மாதம், மீன் எண்ணெய் மாத்திரை ஏதாவது உண்டா என்று ஒரு தாளில் எழுதி மருத்துவரிடம் கொடுங்கள். மூன்று மாத இடைவெளிக்குப் பிறகு, ரத்தப் பரிசோதனை சரியாக இருந்தால், தராசில் எடைபோட்டு 5 கிராமிலிருந்து தொடங்கலாம்.